நாவுக்கும் வேண்டும் ஒத்திகை

வீட்டில் ஓயாது பேசும் மகன், அலுவலகத்தில் மேலதிகாரியின் முன் நின்றதும் வாயடைத்துப் போகிறான். மருத்துவமனையில் நர்ஸாகப் பணிபுரியும் மகளுக்குப் பெரிய டாக்டர் எழுதிய மருந்தளவில் ஐயம் எழுகிறது. ஆனால் அதை எப்படிக் கேட்பதெனத் தெரியாமல் தயங்கி நிற்கிறாள். இருபது ஆண்டுகள் தொழிலாளியாக உழைத்து மேற்பார்வையாளராக உயர்ந்த தந்தை, நேற்றுவரை தம்மோடு ஒரே பெஞ்சில் அமர்ந்து உணவருந்திய நண்பரைத் தாமத வருகைக்காகக் கண்டிக்க வேண்டியதை எண்ணி இரவெல்லாம் புரண்டு படுக்கிறார். இவை எங்கோ நடப்பவை அல்ல. நம் குடும்பங்களில் அன்றாடம் நிகழ்பவையே.

தையல் கற்கப் பயிற்சி உண்டு. கார் ஓட்டப் பயிற்சி உண்டு. கணக்கு எழுதவும் பயிற்சி உண்டு. ஆனால் பணியிடத்தில் பேசுவதற்கு? கண்டிப்பதற்கு? தவறை எடுத்துச் சொல்வதற்கு? பிறர் சொல்லும் குறையைப் பொறுமையோடு கேட்பதற்கு? 'போகப் போகத் தானே வந்துவிடும்' என்று விட்டுவிடுகிறோம். சிலருக்கு வருகிறது. பலருக்கு ஓய்வு பெறும் நாள்வரை வருவதில்லை.

இக்குறையைத் தீர்க்க இன்று ஒரு புதிய கருவி வந்துள்ளது. செயற்கை நுண்ணறிவு என்று நாம் அழைக்கும் கணினி நுட்பம், கண்டிப்பான மேலதிகாரியாகவும், கோபம் கொண்ட வாடிக்கையாளராகவும், மனம் சோர்ந்த ஊழியராகவும் நம்மோடு 'நடித்துப்' பேசுகிறது. நாம் தடுமாறினால் மீண்டும் முதலிலிருந்து தொடங்கலாம். உலகின் பல நிறுவனங்களும் பல்கலைக்கழகங்களும் இம்முறையைக் கையாளத் தொடங்கிவிட்டன. கைபேசி வைத்திருக்கும் எவரும் வீட்டிலேயே இதைச் செய்து பார்க்கலாம். இக்கருவி நமக்கு எதைத் தரும்? எதைத் தராது? இவ்விரண்டையும் தெளிவாக அறிந்துகொள்வது நம் குடும்பங்களுக்குப் பயன் தரும்.

583 உயிர்கள்

பணியிடப் பேச்சு என்றவுடன், நேர்முகத் தேர்வில் நுனிநாக்கு ஆங்கிலம் பேசுவது பற்றியே நம்மில் பலர் எண்ணுகிறோம். அது அவ்வளவு சிறிய காரியமன்று என்பதை ஒரு நிகழ்ச்சி உலகுக்கு உணர்த்தியது.

1977-ஆம் ஆண்டு மார்ச் 27-ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை. ஸ்பெயின் நாட்டைச் சேர்ந்த கனாரித் தீவுகளில் ஒன்றான தெனரீஃபில் லாஸ் ரோதியோஸ் என்னும் சிறு விமான நிலையம் இருந்தது. அருகிலிருந்த தீவின் விமான நிலையத்தில் குண்டு வெடித்ததால், அங்கு இறங்கவேண்டிய விமானங்கள் பலவும் இங்குத் திருப்பி விடப்பட்டன. அவற்றுள் இரண்டு, போயிங் 747 என்னும் பெரு விமானங்கள். ஒன்று ஹாலந்தின் கே.எல்.எம். நிறுவனத்துடையது, மற்றொன்று அமெரிக்காவின் பான் ஆம் நிறுவனத்துடையது. பல மணி நேரக் காத்திருப்பிற்குப் பின் புறப்படும் வேளை வந்தபோது, ஓடுபாதையை மூடுபனி சூழ்ந்தது. ஒரு விமானம் இருக்கும் இடம் மற்றொன்றுக்குத் தெரியவில்லை. கட்டுப்பாட்டு நிலையத்திலிருந்தோருக்கும் இரண்டும் தெரியவில்லை.

கே.எல்.எம். விமானத்தின் தலைமை விமானி சாதாரணமானவர் அல்லர். அந்நிறுவனத்தில் 747 விமானிகளுக்குப் பயிற்சி அளிக்கும் தலைமை ஆசிரியர் அவர். அருகில் அமர்ந்திருந்த துணை விமானியை ஏறக்குறைய இரண்டு மாதங்களுக்கு முன் தேர்வு செய்து தகுதிச் சான்று அளித்தவரும் அவரே. பணி நேரம் முடிந்துவிடுமோ என்ற அவசரம் அனைவரையும் பற்றியிருந்தது. தலைமை விமானி விமானத்தை ஓட்டத் தொடங்கியபோது, இன்னும் அனுமதி வரவில்லை என்று துணை விமானி ஒருமுறை நினைவூட்டினார். தலைமை விமானி நிறுத்தினார். சிறிது நேரத்தில், செல்லவேண்டிய வழி பற்றிய குறிப்பு மட்டும் வானொலியில் வந்தது. மேலெழும் அனுமதி வரவில்லை. எனினும் விமானம் மீண்டும் புறப்பட்டது. இம்முறை துணை விமானி அவரைத் தடுக்கவில்லை.

அதே நேரம் பான் ஆம் விமானம் அதே ஓடுபாதையில் எதிரே வந்துகொண்டிருந்தது. பாதையை விட்டு விலகியதும் தெரிவிப்பதாக அதன் விமானிகள் கூறியது வானொலியில் கேட்டது. கே.எல்.எம். விமானத்திலிருந்த பொறியாளர் அதைக் கவனித்தார். அப்படியானால் அந்த அமெரிக்க விமானம் இன்னும் பாதையில்தான் இருக்கிறதா என்று கேட்டார். விலகிவிட்டது என்று தலைமை விமானி அழுத்தமாகச் சொன்னார். பொறியாளர் அதற்குமேல் வற்புறுத்தவில்லை. சில விநாடிகளில் இரு விமானங்களும் மோதின. மாண்டவர்கள் 583 பேர். விமானப் போக்குவரத்தின் வரலாற்றில் இதைவிடப் பெரிய விபத்து இன்றுவரை இல்லை.

மூடுபனியும், வானொலிக் குழப்பமும், குண்டுவெடிப்பும் இவ்விபத்துக்குக் காரணங்களே. ஆனால் அவற்றோடு மற்றொரு காரணமும் இருந்தது. கீழே இருந்தவர் தம் ஐயத்தை உறுதியாகச் சொல்லவில்லை. மேலே இருந்தவர் அதைச் செவிமடுக்கவில்லை. நம் அலுவலகங்களிலும் தொழிற்சாலைகளிலும் மருத்துவமனைகளிலும் ஒவ்வொரு நாளும் நடப்பது இதுதான் அன்றோ?

விமானிகள் கற்ற பாடம்

அடுத்த ஆண்டே மற்றொரு விபத்து நேர்ந்தது. 1978 டிசம்பர் 28-ஆம் நாள், அமெரிக்காவின் போர்ட்லண்டு நகருக்கு அருகில் யுனைடெட் நிறுவனத்தின் விமானம் ஒன்று எரிபொருள் தீர்ந்து வீழ்ந்தது. தரையிறங்கும் சக்கரங்களில் ஏற்பட்ட ஐயத்திலேயே தலைமை விமானியின் கவனம் ஆழ்ந்திருந்தது. எரிபொருள் குறைந்துவருவதை உடனிருந்தோர் அறிந்தும், அதன் அவசரத்தை அவர் உணரும்படி சொல்லவில்லை. 10 பேர் இறந்தனர். இதை விசாரித்த அமெரிக்க வாரியம் ஒரு புதிய பரிந்துரையை வழங்கியது: தலைவர்கள் உடன் பணிபுரிவோரைக் கலந்து முடிவு செய்யவும், உடனிருப்போர் தம் கருத்தை உறுதியோடு எடுத்துச் சொல்லவும் பயிற்சி அளிக்கப்பட வேண்டும்.

1979-இல் அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசா இதற்கென ஒரு பயிலரங்கைக் கூட்டியது. 1981-இல் யுனைடெட் நிறுவனம் தன் விமானிகளுக்கு இப்பயிற்சியை முறையாகத் தொடங்கியது. பின்னர் இது உலகெங்கும் பரவியது.

இப்பயிற்சி புத்தகம் படிப்பதோடு நிற்கவில்லை. விமானிகளுக்குச் சிமுலேட்டர் என்னும் பாவனைக் கருவி முன்பே பழக்கமானது. பியானோவும் ஆர்கனும் செய்யும் குடும்பத்தில் பிறந்த எட்வின் லிங்க் என்ற அமெரிக்கர், ஆர்கனுக்குக் காற்றூதும் துருத்திகளைக் கொண்டே 1929-இல் அசையும் விமானக் கூண்டு ஒன்றைச் செய்தார். 1934-இல் தபால் கொண்டுசெல்லும் பணியில் இராணுவ விமானிகள் பலர் மோசமான வானிலையில் உயிரிழந்தபின், அமெரிக்க இராணுவம் அக்கருவிகளில் ஆறினை வாங்கியது. அதுவரை கைகளைப் பழக்கிய அக்கருவி, 1980-களில் நாவையும் செவியையும் பழக்கத் தொடங்கியது. விமானிகள் குழுவாக அதனுள் அமர்ந்து, இயந்திரக் கோளாறு ஒன்றைச் சமாளிக்கும்போது ஒருவரோடொருவர் எவ்வாறு பேசுகின்றனர் என்பதை ஒத்திகை பார்த்தனர். முடிந்தபின் அதை அலசி ஆராய்ந்தனர்.

பயன் கிடைத்ததா? 1989 ஜூலை 19-ஆம் நாள் யுனைடெட் 232 என்ற விமானத்தின் பின்புற இயந்திரம் வானில் வெடித்துச் சிதறியது. விமானத்தைத் திருப்பும் அமைப்பு முழுவதும் செயலிழந்தது. தலைமை விமானி ஆல் ஹெய்ன்ஸ், உடனிருந்தோர் அனைவரிடமும் யோசனை கேட்டார். பயணியாக வந்திருந்த, விமானிகளுக்குப் பயிற்சி அளிக்கும் விமானி ஒருவரையும் உள்ளே அழைத்து அவர் கையில் இயந்திர விசைகளை ஒப்படைத்தார். சூ சிட்டி நகரில் விமானம் வீழ்ந்து உடைந்தது. 112 பேர் இறந்தனர். ஆயினும் 296 பேரில் 184 பேர் உயிர் பிழைத்தனர். குழுவாகச் சேர்ந்து பேசிச் செயல்படக் கற்றுத்தந்த அப்பயிற்சியே இதற்குக் காரணம் என்று ஹெய்ன்ஸ் பின்னாளில் பலமுறை கூறினார்.

தலைமைப் பண்பு பிறவியிலேயே வருவது. சிலருக்கே வாய்ப்பது என்று கருதுவோர் இந்நிகழ்ச்சியை எண்ணிப் பார்க்க வேண்டும். பேசுவதையும் கேட்பதையும் மனிதர் பழகிக்கொள்ள முடியும்.

கணினி எவ்வாறு நடிக்கிறது?

விமானிகளுக்குப் பல கோடி மதிப்புள்ள கருவி உண்டு. மற்றவர்களுக்கு? மருத்துவத் துறை ஒரு வழி கண்டது. 1963-இல் ஹோவர்டு பாரோஸ் என்ற அமெரிக்க நரம்பியல் மருத்துவர், நோயற்ற ஒரு பெண்மணியை நோயாளியைப் போல் நடிக்கப் பழக்கி, மாணவர்களை அவரிடம் பேசிப் பரிசோதிக்கச் செய்தார். இன்று உலகின் பல மருத்துவக் கல்லூரிகளில் இம்முறை வழக்கத்தில் உள்ளது. ஆனால் நடிகர்களுக்குக் கூலி வேண்டும். நேரம் ஒதுக்க வேண்டும். ஒரே காட்சியை இருபது முறை நடிக்க அவர்களுக்கும் பொறுமை வேண்டும்.

இங்குதான் கணினி வந்து சேர்கிறது. கணினியோடு உரையாடுவது புதிதன்று. 1966-இல் ஜோசப் வைசன்பாம் என்ற அறிஞர், அமெரிக்காவின் மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் எலைசா என்னும் நிரலை வெளியிட்டார். நாம் சொன்னதையே கேள்வியாகத் திருப்பிக் கேட்பதுதான் அது அறிந்த வித்தை. எனினும் அவருடைய செயலாளரே அதனோடு பேசத் தொடங்கிய சிறிது நேரத்தில், தனிமையில் பேச வேண்டும் என்று கூறி அவரை அறையை விட்டு வெளியே போகச் சொன்னாராம்! இயந்திரத்தின் சொல்லை மனிதர் எவ்வளவு எளிதில் நம்பிவிடுகின்றனர் என்று கண்டு வைசன்பாம் கலங்கினார். அக்கலக்கத்தை 1976-இல் ஒரு நூலாகவே எழுதினார்.

2022 நவம்பரில் ஓப்பன்ஏஐ நிறுவனம் சாட்ஜிபிடியை வெளியிட்டபின் நிலைமை பெரிதும் மாறியது. இவ்வகைக் கணினிகள் அளவிறந்த நூல்களையும் கட்டுரைகளையும் உரையாடல்களையும் பயின்று, ஒரு சொல்லுக்குப் பின் எந்தச் சொல் வரக்கூடும் என்று கணித்துக் கணித்துப் பேச்சை உருவாக்குகின்றன. 'நீ கண்டிப்பான மேலாளர்' என்று நாம் சொன்னால், கண்டிப்பான மேலாளர்கள் பேசுவதாகத் தான் பயின்றவற்றின் சாயலில் அது பேசுகிறது. அதற்குக் கோபமும் இல்லை, வருத்தமும் இல்லை. ஆனால் கோபத்தின் சொற்களையும் வருத்தத்தின் சொற்களையும் அது அறியும். ஒத்திகைக்கு அது பெருமளவு போதுமானதே.

அமெரிக்காவில் தற்கொலை எண்ணத்தோடு போராடும் இளைஞருக்குத் துணைநிற்கும் தி டிரெவர் புராஜெக்ட் என்ற அமைப்பு, 2021-இல் இத்தகைய ஒரு கற்பனை இளைஞரை உருவாக்கியது. 'ரைலி' என்பது அதற்கு இட்ட பெயர். ஆறுதல் கூற முன்வரும் தொண்டர்கள், துயருறும் உண்மையான இளைஞரோடு பேசுமுன் ரைலியோடு பேசிப் பழகினர். துன்பத்தில் அழைப்போருக்கு மறுமொழி கூற மனிதரையே அமர்த்தி, இயந்திரத்தைப் பயிற்சிக்கு மட்டும் வைத்துக்கொண்ட அவர்களது விவேகம் நம் கவனத்திற்குரியது.

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2024-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றும் இங்குக் குறிப்பிடத்தக்கது. பூசல்களைத் தீர்க்கும் பேச்சைப் பழக, கணினியோடு ஒத்திகை பார்க்கும் முறை ஒன்றை அவர்கள் வகுத்தனர். 40 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்குப் பாடம் மட்டும் கொடுத்தனர்; மறு பிரிவினருக்குக் கணினி ஒத்திகை அளித்தனர். பின்னர் இரு சாராரையும் ஒரு மனிதரோடு நேரடியாக வாதிடச் செய்தனர். ஒத்திகை பார்த்தவர்கள், பூசலை வளர்க்கும் பேச்சைச் சராசரியாக 67 சதவீதம் குறைத்துக்கொண்டனர். இணக்கம் தேடும் பேச்சோ இரு மடங்காயிற்று. 40 பேரை வைத்துச் செய்த ஆய்வு சிறியதுதான். எனினும், படித்து அறிவதற்கும் பழகி அறிவதற்கும் உள்ள வேற்றுமையை அது நன்கு காட்டுகிறது. நீந்துவது எப்படி என்ற நூலைப் படித்தவர் கிணற்றில் குதித்தால் என்ன ஆகும் என்பதை நம் கிராமத்தார் அறிவர்!

இதனால் விளையும் நன்மை

முதலாவது, கூச்சம் நீங்குகிறது. மனிதர் முன் தடுமாறினால் சிரிப்பார்களே என்ற அச்சம் இங்கு இல்லை. நாம் பத்து முறை திக்கினாலும் கணினி சலித்துக்கொள்வதில்லை. படிப்பை முடித்து முதல் வேலைக்குச் செல்லும் இளைஞருக்கு, குறிப்பாக வீட்டில் முதன்முதலாக அலுவலகம் காணும் தலைமுறையினருக்கு, இது ஒரு பெரிய உதவி. மேலதிகாரியிடம் விடுப்புக் கேட்பது எப்படி, கூட்டத்தில் மாற்றுக் கருத்துச் சொல்வது எப்படி என்று கற்றுத்தர எல்லா வீட்டிலும் ஆள் இல்லை.

இரண்டாவது, ஒரே சூழ்நிலையைப் பலவாறு சொல்லிப் பார்க்க முடிகிறது. கடுமையாகச் சொன்னால் என்ன மறுமொழி வரும்? பணிந்து சொன்னால்? காரணத்தோடு சொன்னால்? உண்மையான மேலதிகாரியிடம் ஒரு முறைதான் சொல்ல முடியும்.

மூன்றாவது, இடம் மாறி நின்று பார்க்க முடிகிறது. நண்பரைக் கண்டிக்க வேண்டிய தந்தையை முன்பு குறிப்பிட்டோம். அவர் கணினியை மேற்பார்வையாளராக்கி, தாமே தாமதமாக வந்த தொழிலாளியாகப் பேசிப் பார்க்கட்டும். 'ஏன் இப்படித் தினமும் தாமதம்?' என்ற கேள்வி, கேட்கும் வாயில் இருப்பதற்கும் கேட்கப்படும் செவியில் விழுவதற்கும் எவ்வளவு வேறுபாடு! வீட்டில் மனைவி நோயுற்றிருக்கலாம்; பேருந்து நேரம் மாறியிருக்கலாம். கண்டிக்குமுன் காரணம் கேட்க வேண்டும் என்ற எண்ணம் அப்போதுதான் பிறக்கும். இதுவே தலைமைப் பயிற்சியின் அரிச்சுவடி.

எச்சரிக்கை தேவை

இவ்வளவு நன்மை தரும் கருவியிடம் நாம் கவனமாக இருக்க வேண்டிய இடங்களும் உண்டு.

தெனரீஃப் விபத்தை விசாரித்த ஸ்பெயின் அதிகாரிகளின் அறிக்கை வியப்பான செய்தி ஒன்றைக் கூறுகிறது. அத்தலைமை விமானி பத்து ஆண்டுகளுக்கும் மேலாகப் பயிற்சி ஆசிரியராக இருந்தவர். பாவனைக் கருவியில் அனுமதி அளிப்பவரும் ஆசிரியரே. பல வேளைகளில் அங்கு அனுமதி கேட்காமலேயே புறப்படுவதும் உண்டு. இந்தப் பழக்கமும், மெய்யான பயணங்களில் அவருக்கிருந்த பழக்கக் குறைவும் அன்றைய தவறுக்கு ஓரளவு காரணமாயிருக்கலாம் என்கிறது அவ்வறிக்கை. ஒத்திகை மேடையில் தாமே எல்லாமாக இருந்து பழகியவர், மெய்யான ஓடுபாதையில் மற்றொருவரின் சொல்லுக்குக் காத்திருக்க வேண்டியதை மறந்தார். கணினியோடு பேசிப் பழகுவோருக்கும் இதே ஆபத்து உண்டு. நாம் தொடங்கச் சொன்னால் அது தொடங்குகிறது. நிறுத்தச் சொன்னால் நிறுத்துகிறது. மனிதர் அப்படி இல்லை. ஒத்திகையில் நம்மிடம் தோற்றுக்கொடுத்த கணினியை நினைத்துக்கொண்டு மேலாளர் அறைக்குள் நுழைந்தால் ஏமாற்றமே மிஞ்சும்.

கணினிக்கு மற்றொரு குணமும் உண்டு. அது நம்மைப் புகழும். 2025 ஏப்ரலில் சாட்ஜிபிடியில் ஒரு புதிய மாற்றம் செய்யப்பட்டபோது, எவர் எதைச் சொன்னாலும் அது மிகையாகப் புகழ்ந்து தலையாட்டுகிறது என்று குறை எழுந்தது. சில நாட்களுக்குள் அந்நிறுவனமே அம்மாற்றத்தைத் திரும்பப் பெற்றது. அரசனைச் சுற்றியிருந்த முகத்துதிக்காரர்களால் கெட்ட நாடுகளைப் பற்றி நாம் படித்திருக்கிறோம். தலைமைப் பண்பைக் கற்க வருபவருக்கு முகத்துதி செய்யும் ஆசிரியர் வாய்த்தால் நிலை என்ன?

கணினி பயின்ற நூல்களுள் ஆங்கிலமே மிகுதி. எனவே அது காட்டும் அலுவலகமும் பெரும்பாலும் அமெரிக்க அலுவலகமாகவே இருக்கும். அங்கே மேலாளரைப் பெயர் சொல்லி அழைப்பது இயல்பு. நம் தொழிற்சாலையில் வயதில் மூத்த தொழிலாளியை 'அண்ணே' என்று அழைத்துத்தான் இளம் மேற்பார்வையாளர் கண்டிக்கவே முடியும். கணினி தரும் சொற்களை அப்படியே ஒப்பிக்காமல், நம் ஊர் மரியாதைக்கேற்ப மாற்றிக்கொள்வது நம் கடமை.

உடன் பணிபுரிவோரின் பெயர், நோயாளியின் விவரம், நிறுவனத்தின் கணக்கு ஆகியவற்றைக் கணினியிடம் சொல்லலாகாது. நாம் எழுதுவது நம் வீட்டை விட்டு வெளியே எங்கோ உள்ள இயந்திரங்களுக்குச் செல்கிறது. கற்பனைப் பெயர்களே ஒத்திகைக்குப் போதும்.

செயற்கை நுண்ணறிவு குறித்து வத்திக்கான் 2025 ஜனவரி 28 அன்று வெளியிட்ட குறிப்பு, இயந்திரத்தை ஒரு மனித ஆளாகக் காட்டுவது எப்போதும் தவிர்க்கப்பட வேண்டும் என்று கூறுகிறது. நடிப்பை நடிப்பென்று அறிந்தே பழக வேண்டும் என்பதே இதன் பொருள். வீட்டில் பேச ஆளிருக்க, மனக்குறையையெல்லாம் கணினியிடமே கொட்டும் பழக்கம் பிள்ளைகளிடம் தலைகாட்டினால், பெற்றோர் விழித்துக்கொள்ள வேண்டும்.

வீட்டில் செய்து பார்க்க

கருத்துகளைச் சொல்லி நிறுத்தாமல், செய்யும் முறையையும் சிறிது காண்போம்.

ஐயத்தை எடுத்துச் சொல்ல எளிய முறை ஒன்று உண்டு. அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல்களில் தோன்றிய இம்முறையைக் கைசர் பெர்மனெண்டி என்ற மருத்துவ நிறுவனத்தார் மருத்துவமனைகளுக்கு ஏற்ப அமைத்தனர். இன்று பல நாடுகளில் நர்ஸுகளுக்கு இது கற்பிக்கப்படுகிறது. நிலைமை, பின்னணி, கணிப்பு, வேண்டுகோள் என்று அதற்கு நான்கு படிகள். மருந்தளவில் ஐயம் கொண்ட நம் மகள் இவ்வாறு சொல்லலாம்:

"டாக்டர், பத்தாம் படுக்கை நோயாளிக்கு எழுதியுள்ள மருந்தின் அளவு பற்றிப் பேச வேண்டும். அவருக்குச் சிறுநீரகக் கோளாறு உண்டு. காலைப் பரிசோதனையிலும் அது தெரிகிறது. இந்த அளவு அவருக்கு மிகுதியாகுமோ என்று எனக்குத் தோன்றுகிறது. கொடுப்பதற்கு முன் நீங்கள் ஒருமுறை பார்த்துச் சொல்லுங்கள், டாக்டர்."

இதில் பணிவும் உண்டு, உறுதியும் உண்டு. டாக்டரைக் குறை கூறும் சொல் ஒன்றும் இல்லை. இதைக் கணினியோடு பழக விரும்பினால், முதலில் அதற்கு வேடம் கொடுக்க வேண்டும்: 'நீ அனுபவமிக்க டாக்டர். அவசரத்தில் இருக்கிறாய். உன் முடிவை ஒரு நர்ஸ் கேள்வி கேட்பதை விரும்பாதவர். எளிதில் ஒப்புக்கொள்ளாதே. என்னைப் புகழாதே.' இவ்வாறு வேடத்தைத் தெளிவாகச் சொன்னால்தான் ஒத்திகை உயிர்பெறும். 'எனக்குத் தெரியாதா?' என்று கணினி டாக்டர் சீறும்போது வாயடைத்துப் போகாமல், இரண்டாம் முறையும் அதே ஐயத்தைப் பணிவு குன்றாமல் சொல்லப் பழக வேண்டும். தெனரீஃபில் விடுபட்டது இந்த இரண்டாம் முறைதான்.

பேசி முடித்தபின், 'நான் எங்கே தெளிவாகச் சொல்லவில்லை? எந்தச் சொல் எதிரிலிருப்பவரைப் புண்படுத்தியிருக்கும்?' என்று கணினியிடம் கேட்கலாம். அது கூறுவதையெல்லாம் வேதவாக்காகக் கொள்ளாமல், இரண்டொரு குறிப்புகளை மட்டும் எடுத்துக்கொண்டு மீண்டும் ஒருமுறை பேசிப் பார்க்க வேண்டும். ஓர் ஒத்திகைக்குப் பதினைந்து நிமிடம் போதும்.

அடுத்த படி மிக முக்கியமானது. கணினியோடு பழகியதை மனிதரோடு பழக வேண்டும். இரவு உணவிற்குப் பின் தந்தை மேலதிகாரியாக அமரட்டும். மகன் விடுப்புக் கேட்கட்டும். தாய் கோபம் கொண்ட வாடிக்கையாளராகப் பேசட்டும். மகள் அமைதியாக மறுமொழி சொல்லட்டும். சிரிப்பும் கேலியும் நிச்சயம் எழும். எழட்டும். அந்தச் சிரிப்புக்கிடையே தந்தையின் முகம் சுருங்குவதை மகன் காண்பான். தன் குரல் உயர்ந்ததை மகள் உணர்வாள். முகம் சுருங்குவதைக் காட்டக் கணினியின் எழுத்துக்கு இயலாது. மேலும், மகன் அலுவலகத்தில் படும் பாட்டைத் தந்தை அறிவதற்கும், தந்தை தொழிற்சாலையில் விழுங்கிக்கொண்டு வரும் சொற்களைப் பிள்ளைகள் அறிவதற்கும் இது ஒரு வழி. எத்தனை வீடுகளில் இவை பேசப்படாமலே போகின்றன!

தலைமையில் இருப்பவர்களுக்கு ஒரு சொல்

இதுவரை பேசுபவரைப் பற்றியே பெரிதும் கூறினோம். ஆனால் தெனரீஃபில் பொறியாளர் கேள்வி கேட்கவே செய்தார். கேட்கும் செவிதான் இல்லாமற் போயிற்று. எனவே ஒத்திகை கீழே இருப்போருக்கு மட்டும் உரியதன்று. மேலாளர், தலைமையாசிரியர், கடை முதலாளி, சங்கத் தலைவர், குடும்பத் தலைவர் ஆகியோருக்கே அது இன்னும் மிகுதியாகத் தேவை. கணினியை ஐயம் கூறும் ஊழியராக நடிக்கச் செய்து, இடைமறிக்காமல் கேட்கவும், 'நீ சொல்வதில் உண்மை இருக்கலாம். பார்ப்போம்' என்று சொல்லவும் அவர்கள் பழகட்டும். சொல்வதற்கு எளிய வாக்கியந்தான். ஆண்டுகள் பல கட்டளையிட்டே பழகிய நாவுக்கு அது எவ்வளவு கடினம் என்பது, சொல்லிப் பார்க்கும்போது தெரியும்.

திருவள்ளுவர் பொருட்பாலில் 'கேள்வி' என்ற அதிகாரத்தை 42-ஆவதாக வைத்தார். 'சொல்வன்மை'யை 65-ஆவதாக வைத்தார். அரசனுக்குரியனவாகச் சொன்ன குணங்களுள் கேட்கும் பண்பையும், அமைச்சனுக்குரியனவாகச் சொன்னவற்றுள் சொல்லும் திறனையும் அமைத்தார். தலைவனுக்குச் செவியும், உடனிருப்பவனுக்கு நாவும் சிறப்பு என்று இதிலிருந்து நாம் கொள்ளலாம்.

கணினி நமக்குத் தரும் ஒத்திகையை நன்றியோடு ஏற்போம். அது திக்கும் நாவைத் திருத்தட்டும், கூச்சத்தைப் போக்கட்டும். அதன்பின் அதை மூடி வைத்துவிட்டு, உரிய மனிதரிடம் நேரில் செல்வோம். சொல்ல வேண்டிய ஐயத்தைப் பணிவோடு சொல்வோம். கேட்கப்படாவிடில் இன்னொரு முறையும் சொல்வோம். நம்மிடம் எவரேனும் தயங்கித் தயங்கி ஒரு குறையைக் கூற வந்தால், செய்துகொண்டிருக்கும் வேலையை ஒரு நிமிடம் நிறுத்தி, அவர் முகத்தைப் பார்த்துக் கேட்போம். இதை நாளைக் காலையே நம் பணியிடத்தில் தொடங்கலாம். இன்றிரவே நம் வீட்டிலும் தொடங்கலாம் அன்றோ?